லிமிடெட் எடிஷன் பிஸ்கட், சீரியல்: புதிய சுவையை முறையாகச் சுவைத்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பிஸ்கட்டிலோ சீரியலிலோ (பால் ஊற்றிச் சாப்பிடும் காலை உணவுத் தானியம்) புதிய சுவை என்று ஒரு பாக்கெட் கைக்கு வந்தால் பெரும்பாலோர் உடனே கிழிக்கிறார்கள், கடிக்கிறார்கள், "நல்லா இருக்கு" அல்லது "சுமார்" என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுக்கிறார்கள். பாக்கெட் தீர்ந்த பிறகு "எப்படி இருந்தது?" என்று கேட்டால், உறையில் அச்சிட்டிருந்த பெயரைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள். நாக்கு என்ன கண்டது என்பது நினைவில் இருப்பதில்லை.

லிமிடெட் எடிஷன், அதாவது கொஞ்ச காலத்துக்கு மட்டும் விற்கும் இந்தச் சுவைகள், சில வாரங்களிலோ மாதங்களிலோ கடையை விட்டுப் போய்விடும். இன்னொரு தடவை வாங்கிச் சரிபார்க்க வழி இருக்காது. அதனால் முதல் பாக்கெட்டையே ஒழுங்காகச் சுவைக்க வேண்டும். வீட்டிலும் நண்பர்களோடும் பல தடவை செய்து பார்த்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனித்து, நான் இப்போது பின்பற்றும் வரிசையை இங்கே தருகிறேன். வரிசை மாறினால் பலன் குறையும் இடங்களில் காரணத்தையும் சொல்லியிருக்கிறேன்.

1. இரண்டு பாக்கெட் வாங்குங்கள்

ஒன்று புதிய சுவை. மற்றொன்று அதே பிஸ்கட் அல்லது அதே சீரியலின் வழக்கமான சுவை. இந்த இரண்டாவது பாக்கெட்டைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "வழக்கமானதை எத்தனை வருஷமா சாப்பிடறேன், எனக்குத் தெரியாதா?" என்பார்கள். தெரியாது. நினைவில் இருக்கும் சுவை மங்கலானது. "புதுசு ரொம்பத் தித்திப்பு" என்று அடித்துச் சொன்ன ஒருவர், வழக்கமானதைப் பக்கத்தில் வைத்துக் கடித்ததும், "ரெண்டும் ஒரே தித்திப்புதான், வாசனைதான் வேற" என்று மாற்றிச் சொன்னதை நேரில் பார்த்திருக்கிறேன்.

இரண்டு பாக்கெட்டின் தயாரிப்புத் தேதியும் அல்லது 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்தினால் சிறப்பு' என்ற தேதியும் அருகருகே இருக்கட்டும். ஆறு மாதம் பழைய வழக்கமான பிஸ்கட்டும் போன வாரம் வந்த புதிய சுவையும் மோதினால், புதியது ஜெயிப்பதற்குச் சுவை காரணமாக இருக்காது. மொறுமொறுப்புதான் காரணமாக இருக்கும்.

எடையையும் பாருங்கள். லிமிடெட் எடிஷன் பாக்கெட் வெளியில் ஒரே அளவாகத் தெரிந்தாலும் நிகர எடை குறைவாக இருக்கலாம். விலையை ஒப்பிடுவதானால் 100 கிராமுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு ஒப்பிடுங்கள்.

சுவைப்பதற்கு முன் மூன்று நான்கு பாக்கெட் வாங்கி அடுக்க வேண்டாம். தீர்ந்துவிடுமோ என்ற பதற்றத்தில் வாங்கியவை கடைசியில் அலமாரியில் கிடந்து நமத்துப் போகின்றன.

2. பிரிப்பதற்கு முன் ஒரே ஒருவர் லேபிளைப் படிக்க வேண்டும்

ஒவ்வாமை விஷயத்தில் சமரசமே கூடாது. வழக்கமான சுவை ஒருவருக்கு ஒத்துப்போகிறது என்பதால் புதிய சுவையும் ஒத்துப்போகும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புதிய க்ரீமில் வேர்க்கடலை, பாதாம், முந்திரி, எள், பால், முட்டை, சோயா என்று எது வேண்டுமானாலும் சேர்ந்திருக்கலாம். சேர்க்காவிட்டாலும், வேறு இயந்திரத்தில் தயாராகி 'கலந்திருக்க வாய்ப்புண்டு' என்ற எச்சரிக்கை வந்திருக்கலாம்.

ஆனால் எல்லோரும் லேபிளைப் படித்துவிட்டால், ஆறாவது படியில் சொல்லப்போவதுபோல் பெயரை மறைத்துச் சுவைக்க முடியாது. அதனால் ஒருவர் மட்டும் படிக்கட்டும். அவரே கலந்துகொள்பவர்களிடம் "யாருக்கு எது ஆகாது?" என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளட்டும். ஒவ்வாமை உள்ளவர் கண்டிப்பாகத் தானே லேபிளைப் படிக்க வேண்டும். அவருக்கு மட்டும் பெயர் தெரிந்துவிட்டால் பரவாயில்லை.

சர்க்கரை இல்லாத வகை என்றால் மால்டிட்டால், சார்பிட்டால் போன்ற சர்க்கரைக்குப் பதிலான இனிப்புப் பொருட்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை அளவு கூடினால் வயிற்றைக் கலக்கும். ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

3. நேரமும் வாயும் தயாராக இருக்க வேண்டும்

காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட நேரம் நல்லது. கடும் பசியில் எதுவும் அமிர்தமாக இருக்கும். வயிறு நிறைந்திருந்தால் இனிப்பு முதல் வாயிலேயே திகட்டும்.

பல் துலக்கி ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். பற்பசையில் நுரை வருவதற்காகச் சேர்க்கும் பொருள் இனிப்பை மங்கவைத்துக் கசப்பைத் தூக்கிக் காட்டும். காபி, காரம், புதினா மிட்டாய், சிகரெட் எல்லாவற்றுக்கும் இதே இடைவெளி. சளி பிடித்திருந்தால் தள்ளிப்போடுங்கள். நாம் 'சுவை' என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. மூக்கு அடைத்திருந்தால் தித்திப்பும் புளிப்பும் உப்பும் தெரியும், ஆனால் அது ஸ்ட்ராபெரியா வெனிலாவா என்று தெரியாது. பக்கத்தில் ஊதுபத்தி, வாசனைத் திரவியம் எதுவும் வேண்டாம்.

4. மேசையில் வைக்க வேண்டியவை

ஒரே மாதிரியான சின்னக் கப்கள், ஒட்டுச்சீட்டு, பேனா, ஆளுக்கு ஒரு தாள், சமையல் தராசு, கடிகாரம். வாயைச் சுத்தம் செய்ய உப்பில்லாத சாதாரண பிஸ்கட் அல்லது வெறும் ரொட்டித் துண்டு. கொப்பளிக்க வெதுவெதுப்பான தண்ணீர். ஐஸ் தண்ணீர் வேண்டாம். க்ரீமிலும் சாக்லேட்டிலும் இருக்கும் கொழுப்பு குளிர்ந்த தண்ணீரில் இறுகி நாக்கிலேயே படலமாக ஒட்டிக்கொள்ளும், அடுத்த பிஸ்கட்டின் மேலும் ஏறும்.

வெயிலில் வந்த பாக்கெட்டாக இருந்தால் அறை வெப்பத்தில் சில மணி நேரம் வைத்த பிறகு பிரியுங்கள். உருகிய க்ரீம் இருப்பதைவிடத் தித்திப்பாகத் தெரியும். சாக்லேட் பூச்சின் மேல் வெள்ளைப் படலம் பூத்திருந்தால் அது பூஞ்சை இல்லை. சூட்டில் உருகி மறுபடி உறையும்போது கொழுப்பு மேலே வந்திருக்கிறது. சாப்பிடலாம், ஆனால் அதை வைத்துச் சுவையைத் தீர்மானிக்க வேண்டாம்.

5. மென்மையிலிருந்து கடுமைக்கு

ஒரே நாளில் நான்கு சுவைக்கு மேல் வைக்காதீர்கள். ஐந்தாவதைக் கடிக்கும்போது நாக்கு களைத்துவிடும், எல்லாம் 'இனிப்பு' என்ற ஒரே சுவையாகிவிடும்.

முதலில் வெனிலா, பால், வெண்ணெய் வகை. அப்புறம் பழ வகை. அதன் பிறகு கேரமல், காபி, சாக்லேட். பட்டை, இஞ்சி கடைசிக்கு முன். புதினாவும் மிளகாய்க் காரம் சேர்த்ததும் கடைசி. ஒரு தடவை நண்பர் ஒருவர் ஆர்வத்தில் புதினா க்ரீம் பிஸ்கட்டை முதலில் பிரித்துவிட்டார். அன்றைக்கு அடுத்து வந்த எலுமிச்சையும் வெனிலாவும் எல்லோருக்கும் குளிர்ச்சியாகவே தெரிந்தன. தண்ணீர் குடித்தும் போகவில்லை. மூன்று பாக்கெட்டும் வீண்.

புளிப்புத் தூள் தூவிய வகைகளைப் பழத்தின் கடைசியில் வையுங்கள். புளிப்புக்குப் பிறகு வரும் எதுவும் கூடுதலாகத் தித்திக்கும்.

6. பெயரை மறையுங்கள்

இந்த வேலையில் மிக முக்கியமான படி இதுதான். பெரும்பாலானோர் தவிர்க்கும் படியும் இதுதான். உறையில் 'செர்ரி' என்று இருந்தால் வாயில் செர்ரி தெரிந்துவிடும். பெயரை மறைத்துக் கொடுத்தால் பாதிப் பேர் 'பாதாம்' என்பார்கள். அவர்கள் சொல்வதும் தப்பில்லை. செர்ரி எசென்ஸிலும் பாதாம் எசென்ஸிலும் முக்கிய வாசனைப் பொருள் பென்சால்டிஹைடு என்ற ஒன்றே. இரண்டில் எது என்று நமக்காக முடிவு செய்வது பெயரும் நிறமும்தான். 'பிறந்தநாள் கேக்' என்று வரும் சுவைகளை மறைத்துக் கொடுத்தால் "வெனிலா, கொஞ்சம் வெண்ணெய்" என்று சொல்வார்கள். பெரும்பாலும் அதில் இருப்பதும் அதுவே.

நிறமும் அப்படித்தான். ஃப்ரூட் லூப்ஸ் சீரியலில் பல நிற வளையங்கள் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் சுவை ஒன்றே. கண்ணைத் திறந்துகொண்டு சாப்பிடுபவர்கள் சிவப்பும் மஞ்சளும் வேறு வேறு என்றுதான் சத்தியம் செய்வார்கள்.

ஓரியோ 2017-இல் பெயர் சொல்லாமலே ஒரு 'மர்மச் சுவை'யை விற்று, மக்களைக் கண்டுபிடிக்கச் சொன்னது. பிறகு அது ஃப்ரூட்டி பெபிள்ஸ் என்ற சீரியலின் சுவை என்று அறிவித்தது. பெயர் இல்லாதபோதுதான் எல்லோரும் நாக்கைக் கேட்டார்கள். அந்த நிலையைத்தான் நாம் வீட்டில் உண்டாக்குகிறோம்.

செய்முறை சுலபம். லேபிள் படித்தவரே வேறு அறையில் பாக்கெட்டைப் பிரித்து, கப்களில் போட்டு, 417, 852 என்று ஏதாவது மூன்று இலக்க எண்ணை ஒட்ட வேண்டும். 1, 2, 3 என்றோ அ, ஆ என்றோ போடக் கூடாது. 'ஒன்று' என்றாலே உசத்தி என்ற எண்ணம் தானாக வந்துவிடும். நிறம் காட்டிக்கொடுக்கும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கடியுங்கள்.

தனியாகச் சுவைப்பவர் என்ன செய்வது? பெயர் உங்களுக்கு முன்பே தெரியும், அதை அழிக்க முடியாது. ஆனால் 'வழக்கமானதிலிருந்து இது உண்மையிலேயே வேறா?' என்பதைச் சோதிக்கலாம். வித்தியாசம் மெல்லியதாக இருக்கும் சுவைகளுக்கு இது ரொம்ப உதவும். மூன்று கப் எடுங்கள். இரண்டில் வழக்கமானது, ஒன்றில் புதியது. அடுத்த தடவை மாற்றி, இரண்டில் புதியது, ஒன்றில் வழக்கமானது. கப்பின் அடியில் குறி வைத்து, கண்ணை மூடிக் கலைத்து, மூன்றையும் சுவைத்து 'எது தனி?' என்று சொல்லுங்கள். சும்மா ஊகித்தாலே மூன்றில் ஒரு தடவை சரியாக வரும். அதனால் ஒரு தடவை சரியானதை நம்ப வேண்டாம். ஆறு தடவை செய்து ஐந்து சரியாக வந்தால் நம்பலாம். வெறும் ஊகத்தில் அப்படி நடக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. நான்குதான் சரி என்றால் அது நூற்றுக்குப் பத்து ஆகிவிடும், அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆறு சுற்றையும் ஒரே மூச்சில் செய்யாமல் இரண்டு நாளாகப் பிரியுங்கள். துண்டுகள் சின்னதாக இருக்கட்டும்.

7. கடிக்கும் முறை

முதலில் மோந்து பாருங்கள், இரண்டு சின்ன மூச்சு போதும். நீளமாக இழுத்து இழுத்து மோந்தால் மூக்கு அந்த வாசனைக்குப் பழகிவிடும், கடிக்கும்போது ஒன்றும் தெரியாது.

அடுத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கடி. மெல்லுங்கள். இப்போது நாக்குக்குத் தெரிவது மட்டும்தான் வரும்: எவ்வளவு தித்திப்பு, உப்பு இருக்கிறதா, புளிப்பா. அப்புறம் மூக்கை விட்டு, வாயை மூடியபடியே மூச்சை வெளியே விடுங்கள். அந்த நொடியில் வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும், அதுவரை வெறும் சர்க்கரையாக இருந்தது வாழைப்பழமாகவோ கேரமலாகவோ மாறும். புதிதாகச் செய்பவர்கள் இந்த இடத்தில் கண்ணை விரித்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்கும் அது சந்தோஷம்தான். மூக்கை விட்டும் எதுவும் மாறவில்லை என்றால், அந்தப் பாக்கெட்டில் புதிதாக இருப்பது நிறமும் பெயரும் மட்டுமே.

க்ரீம் பிஸ்கட்டாக இருந்தால் முதலில் முழுசாகக் கடித்துப் பாருங்கள், பிறகு பிரித்து க்ரீமைத் தனியாக, மேலும் கீழும் இருக்கும் பிஸ்கட் ஓட்டைத் தனியாகச் சுவையுங்கள். பல லிமிடெட் எடிஷன்களில் க்ரீம் மட்டும்தான் மாறியிருக்கும், ஓடு பழையதே. க்ரீமை மட்டும் நக்கிப் பார்த்தால் அது பளிச்சென்று இருக்கும். சாக்லேட் ஓட்டோடு சேர்ந்தால் அமுங்கிப் போகும். சாப்பிடப் போவது இரண்டும் சேர்ந்ததைத்தான், எனவே மதிப்பெண் முழுக் கடிக்கு.

விழுங்கிய பிறகு முப்பது நொடி பேசாமல் இருங்கள். நல்ல சுவை மெதுவாகக் கரையும். மோசமாகச் செய்த எசென்ஸ் இந்த முப்பது நொடியில்தான் வெளியே வரும்: அடிநாக்கில் கசப்பாக, சோப்பு மாதிரி, அல்லது மருந்து வாடையாக. அப்புறம் கொப்பளித்து, ரொட்டித் துண்டு மென்று, ஒரு நிமிடம் விட்டு அடுத்தது.

8. சீரியலுக்குத் தனி முறை

பிஸ்கட்டை ஒரு தடவை சுவைத்தால் போதும். சீரியலை நான்கு தடவை சுவைக்க வேண்டும், ஏனென்றால் அது கிண்ணத்தில் மாறிக்கொண்டே இருக்கும்.

பெட்டியைத் திறப்பதற்கு முன் மெதுவாகத் தலைகீழாகத் திருப்பி, மறுபடி நிமிர்த்துங்கள். மேல்பூச்சுத் தூளும் நொறுங்கிய தூளும் வழியில் குலுங்கி அடியில் போய்ச் சேர்ந்திருக்கும். மேலாக எடுத்தால் சப்பென்று இருக்கும், கடைசிக் கிண்ணம் தூக்கலாக இருக்கும். மார்ஷ்மெல்லோ, உலர்பழம் போன்றவை கலந்த சீரியலில் எல்லாம் கிண்ணத்துக்குள் வந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

தராசில் 30 கிராம் சீரியல். 125 மில்லி பால். இரண்டு கிண்ணத்துக்கும் ஒரே அளவு, ஒரே பால். கண் அளவில் போட்டால், பால் கூடிய கிண்ணம் எப்போதும் நீர்த்துத் தெரியும். ஐஸாகக் குளிர்ந்த பால் வேண்டாம். குளிர்ச்சி தித்திப்பையும் வாசனையையும் அடக்கிவிடும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்த பால் சரியாக இருக்கும். கொழுப்பு நீக்கிய பாலுக்கும் முழுக் கொழுப்புப் பாலுக்கும் வித்தியாசம் வரும் என்பதால், நீங்கள் வழக்கமாகக் குடிக்கும் பாலையே எடுங்கள். ஓட்ஸ் பால், தேங்காய்ப் பால் போன்றவற்றுக்கு அவற்றுக்கென்று ஒரு வாசனை உண்டு. அதை ஊற்றிவிட்டு சீரியலைக் குறை சொல்லக் கூடாது.

முதல் தடவை பால் இல்லாமல், இரண்டு மூன்று உருண்டை. மேல்பூச்சு என்ன சொல்கிறது என்று இதில்தான் தெளிவாகத் தெரியும். இரண்டாவது, பால் ஊற்றிய உடனே ஒரு கரண்டி. மூன்றாவது, மூன்று நிமிடம் கழித்து. இப்போது மேல்பூச்சு பாலில் இறங்கியிருக்கும், உள்ளே இருக்கும் தானியத்தின் சுவை வெளியே தெரியும். ஒரு சீரியல் மூன்றாவது நிமிடத்தில் கடி இல்லாமல் கூழாகிவிட்டால், சுவை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது அவசரமாகச் சாப்பிட வேண்டிய சீரியல் என்று எழுதி வையுங்கள். நான்காவது, கிண்ணத்தில் மிஞ்சிய பால். லிமிடெட் எடிஷன் சீரியலின் உண்மையான முகம் அந்தப் பாலில் இருக்கிறது என்பது என் அழுத்தமான அபிப்பிராயம். பட்டையும் கோக்கோவும் பாலில் அழகாக இறங்கும். புளிப்புப் பழச் சுவைகள் பல பாலோடு ஒத்துப்போகாமல் ஒரு கூர்மையான வாடையாக நின்றுவிடும்.

அடர்த்தியான நிறம் உள்ள சீரியல் என்றால் பெரியவர்களுக்கு ஒரு விஷயம். மறுநாள் குழந்தையின் மலம் நிறம் மாறியிருந்தால் முதல் நாள் என்ன சாப்பிட்டது என்று முதலில் நினைத்துப் பாருங்கள். ஃப்ராங்கன் பெரி என்ற சிவப்புச் சீரியலைச் சாப்பிட்ட சிறுவனை ரத்தப்போக்கு என்று பயந்து மருத்துவமனையில் சேர்த்த செய்தி 1972-இல் மருத்துவ இதழிலேயே வந்திருக்கிறது. நிறம் அடுத்த நாளும் தொடர்ந்தாலோ வலி இருந்தாலோ தயங்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

9. பேசுவதற்கு முன் எழுதுங்கள்

முதலில் வாய் திறப்பவர் "வாழைப்பழம்!" என்று சொல்லிவிட்டால் மற்ற எல்லோர் வாயிலும் வாழைப்பழம் வந்துவிடும். அதனால் எல்லோரும் எழுதி முடித்து, தாளைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் பேச்சு.

எழுத வேண்டியது நான்கு வரிதான். என்ன வாசனை? தித்திப்பு வழக்கமானதைவிடக் கூடவா குறைவா? கடி எப்படி? முப்பது நொடி கழித்து என்ன மிச்சம்? கடைசியில் ஒன்பதுக்கு மதிப்பெண். ஐந்து என்றால் பிடிக்கவும் இல்லை, பிடிக்காமலும் இல்லை. 'சூப்பர்', 'வேற லெவல்' போன்ற சொற்களை எழுத விடாதீர்கள். ஒரு மாதம் கழித்துப் படித்தால் அவை எதையும் நினைவுபடுத்தாது. 'காய்ச்சிய பால் வாசனை, ஓடு லேசாகக் கருகல், பின்னால் உப்பு' என்று எழுதியிருந்தால் அந்தப் பிஸ்கட் மறுபடி வாய்க்கே வந்துவிடும்.

10. இப்போது பின்பக்கத்தைப் படியுங்கள்

பெயரை வெளிப்படுத்தியதும் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். எடையில் கூடுதலானது முதலில், குறைவானது கடைசியில் என்ற வரிசையில்தான் அது அச்சாகும். உறையின் முன்பக்கம் பெரிதாகப் படம் போட்ட பழம் எங்கே வருகிறது என்று தேடுங்கள். உப்புக்குப் பின்னால் வந்தால், உப்பைவிடக் குறைவாகத்தான் பழம் இருக்கிறது. பட்டியலிலேயே இல்லை என்றால் எல்லாம் எசென்ஸ். எசென்ஸ் என்பதாலேயே அது மோசமான சுவை ஆகிவிடாது. எழுதிய மதிப்பெண்ணை இப்போது திருத்தக் கூடாது.

சர்க்கரையை 100 கிராம் கணக்கில் ஒப்பிடுங்கள், 'ஒரு பரிமாறல்' கணக்கில் வேண்டாம். இரண்டு பாக்கெட்டின் பரிமாறல் அளவும் வேறாக இருக்கலாம். 100 கிராமுக்கு 35 கிராம் சர்க்கரை என்றால் 30 கிராம் கிண்ணத்தில் பத்தரை கிராம். சேர்க்கும் சர்க்கரையை ஒரு நாள் உணவு ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது சுமார் 50 கிராம். நான்கு முழுக் கிண்ணம் சாப்பிட்டால் 42 கிராம் ஆகி, அன்றைய கணக்கில் பெரும்பகுதி அதிலேயே முடிந்துவிடும் என்பதால், ஒரு கிண்ணத்தை நான்கு பேர் பகிருங்கள்.

11. இன்னொரு நாள் மறுபடி

இரண்டு நாள் கழித்து, பெயரை மறைக்காமல், வழக்கம்போல் ஒரு கிண்ணம் அல்லது இரண்டு பிஸ்கட் சாப்பிடுங்கள். ஒன்பதுக்கு மறுபடி ஒரு மதிப்பெண். முதல் நாள் புதுமை கொஞ்சம் மதிப்பெண்ணைத் தூக்கியிருக்கும். ஒரு கடிக்கு அட்டகாசமாக இருப்பது ஒரு கிண்ணத்துக்குத் திகட்டலாம். பஞ்சு மிட்டாய்ச் சுவை, மேப்பிள் சிரப் சுவை இரண்டும் என் தாளில் எட்டிலிருந்து ஐந்துக்கு இறங்கியிருக்கின்றன. சாதாரணமாகத் தோன்றிய எலுமிச்சை ஆறிலிருந்து எட்டுக்கு ஏறியது.

இந்த இரண்டாவது மதிப்பெண் ஏழுக்குக் குறையாமல் இருந்தால் மட்டும் இன்னொரு பாக்கெட் வாங்குங்கள்.

12. மிச்சத்தை வைப்பது

திறந்த பாக்கெட் ஒவ்வொன்றும் தனித்தனிக் காற்றுப்புகாத டப்பாவில். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டால் இரண்டே நாளில் புதினா மற்ற எல்லாவற்றிலும் ஏறிவிடும். சோப்பு, மசாலா இருக்கும் அலமாரியும் கூடாது.

பிரிக்காத பாக்கெட்டும் அப்படியே இருக்காது. முதலில் போவது வாசனை, பழ வாசனைகள் சீக்கிரம். கொட்டைகள் சேர்த்தவற்றில் எண்ணெய் காறி, சிக்கு வாடை வரும். கடையில் நின்றுபோன சுவையைக் கூடுதல் விலைக்கு யாரிடமாவது வாங்குவதானால், முதலில் தேதியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தேதி தாண்டியிருந்தால் நீங்கள் சுவைக்கப்போவது அந்தச் சுவையை அல்ல.

லேசாக நமத்த சீரியலைத் தட்டில் பரப்பி, மிதமான சூட்டில் ஐந்து நிமிடம் ஓவனில் வைத்து, முழுதும் ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும். சாக்லேட் பூச்சோ மார்ஷ்மெல்லோவோ இருந்தால் இதைச் செய்யாதீர்கள், உருகிவிடும். உறையை எறிவதற்கு முன் பெயர், தேதி, சேர்மானப் பட்டியல் உள்ள பக்கத்தை வெட்டி, எழுதிய தாளோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். அடுத்த வருடம் அதே பெயரில் மறுபடி வந்தால் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.